ஆமென் சொல்லாத வெள்ளிக்கிழமை

எஸ்தர் அக்காவின் உள்ளங்கை சொரசொரப்பாக இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்துப் பிடித்து, விரல்களுக்கு அடியில் காய்த்துப்போன கை. அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கையை என் வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோட்டக் குடியிருப்பு வரிசையில் எங்கள் லயத்து வீட்டின் முன்னறை. தகரக் கூரையில் மழை. சபைப் பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, கைகோத்து, கண்ணை மூடியிருந்தோம். சங்கிலி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஒருத்தி ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவள் தொடங்குவாள். அப்படியே வட்டம் சுற்றி வரும்.

என் முறை வந்தது. வழக்கம்போல அக்காவின் கையை அமுக்கினேன். எனக்கு வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

அக்கா சொல்லவில்லை.

மறுபடி அமுக்கினேன். அவர் கையை விடவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கூரை ஒழுகி மூலையில் வைத்திருந்த குண்டானில் சொட்டியது. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

என் மகள் லில்லி இறந்து அடுத்த மழைக்காலம் வந்திருந்த நேரம் அது. அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் ஆண்டவரிடம் பேச என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. பேச வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அமுக்கும் பழக்கம்

மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி செமிலிங் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதினேன். அம்மா வீட்டில் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரர் சாமுவேல் கிறிஸ்தவர். ஞானஸ்நானம் கொடுத்து, சாராள் என்று பெயர் வைத்து, என்னையும் வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

முதல் கூட்டத்திலேயே எனக்கு வியர்த்து வடிந்தது. நாலு பேருக்கு முன்னால் கோப்பி வேண்டுமா என்று கேட்கவே எனக்கு வராது. ஆண்டவரிடம் சத்தமாகப் பேசு என்றால் எங்கே போவேன்?

பக்கத்தில் இருந்த எஸ்தர் அக்காதான் காதோடு சொன்னார். "வரலைன்னா என் கையை ஒரு அமுக்கு அமுக்கு. நான் ஆரம்பிச்சிருவேன். சங்கிலி அறுந்துறக் கூடாது, அவ்வளவுதான்லா."

எங்கள் சபைப் பெண்கள் இதற்கென்று வைத்திருந்த வழி அது. தொண்டை கட்டியவர்கள், பேறுகாலக் களைப்பில் இருந்தவர்கள், இப்படி யாராவது எப்போதாவது அமுக்குவார்கள். நான் வாரா வாரம் அமுக்கினேன். வருடக்கணக்கில் அமுக்கினேன்.

அக்கா கேலி செய்வார். "சாரா, என் கை என்ன ரப்பர் பந்தாடி? நீ செய்ய வேண்டிய ஜெபத்தையும் சேர்த்து நானே செய்யறேன். பரலோகத்துல ரெண்டு பேர் கூலி எனக்குத்தான், சொல்லிட்டேன்."

நான் சிரித்துக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்கு ஜெபம் இல்லாமல் இல்லை. பெண்களுக்கு முன்னால்தான் வராது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரையில் இறங்கிவிட்டால் மரத்துக்கு மரம் பேசிக்கொண்டே போவேன். அரிசி விலை, மாமியார் கோபம், லில்லியின் பள்ளிக்கூடச் சட்டை, எல்லாவற்றையும் அவரிடம் சொல்வேன். பட்டையில் கத்தியை இழுத்ததும் பால் கோடு போட்டு மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்கு ஓடி வருமே, அதைப் போல வந்துகொண்டிருந்தது அந்தப் பேச்சு. வெயில் ஏறி பால் எடுக்கும் நேரத்துக்குள் மனசு காலியாகி லேசாகிவிடும்.

அதுதான் போய்விட்டது. இந்த வாரம் அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

எண்ணெய் விரல்

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அதற்கு மேல் இல்லை. வேதத்தில் உள்ள பழைய தமிழ் எனக்குக் கடிக்க முடியாத பாக்கு மாதிரி இருக்கும். எழுத்துக் கூட்டி ஒரு வசனத்தை முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துபோகும்.

லில்லி மூன்றாம் வகுப்புக்குப் போனதிலிருந்து எனக்கு அவள்தான் வாசித்துக் காட்டுவாள். சாயங்காலம் குளித்து வந்ததும் அவள் தலைக்கு எண்ணெய் வைப்பேன். நான் பின்னால் உட்கார்ந்து சடை பின்ன, அவள் மடியில் வேதத்தை விரித்து வைத்துப் பாட்டுப் போலப் படிப்பாள். தெரியாத வார்த்தை வந்தால் அவளே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

"வாஞ்சைன்னா என்னம்மா?"

"ஆசைம்மா."

"மிட்டாய் ஆசை மாதிரியா?"

"தண்ணித் தவிப்பு மாதிரின்னு பாஸ்டர் சொன்னாரு."

"அப்ப ஐஸ் தண்ணி ஆசை மாதிரி," என்று முடித்துவிட்டாள்.

நிறுத்தும் இடத்தில் அடையாளத்துக்குக் காகிதம் வைக்க மாட்டாள். தலையைத் தொட்ட எண்ணெய் விரலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஓர் அழுத்து. சின்னதாக வட்டமாக எண்ணெய் ஊறிவிடும். மறுநாள் அந்த வட்டத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குவாள்.

"வேதத்தை இப்படியா அழுக்காக்குறது?" என்று அவள் அப்பா அதட்டினார்.

"ஆண்டவருக்கு என் விரல் அடையாளம் தெரியணும்ல," என்றாள். அதற்கு மேல் அவரால் அதட்ட முடியவில்லை.

வேதத்தில் சங்கீதங்கள் என்ற ஜெபப் பாட்டுகளைத் தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தோம். நாற்பத்திரண்டாவது சங்கீதம் வந்த அன்று அவள் குரலில் பிசிர் இருந்தது. நீரோடைக்காகக் கதறும் மானைப் பற்றிய வசனத்தைப் படித்தாள். அடுத்த வசனத்தையும் படித்தாள். விரலை அழுத்தினாள்.

"கண்ணு எரியுதும்மா. மிச்சம் நாளைக்கு."

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

தலையணைக்கு அடியில்

காய்ச்சல் வந்த பிள்ளையின் தலையணைக்கு அடியில் வேதத்தை வைப்பது எங்கள் சபையில் எல்லோரும் செய்வது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் வைத்தேன். அவள் நெற்றியிலும் உச்சியிலும் தைலம் தேய்த்தேன். தலையணை உறை தைலத்தில் நனைந்து, புத்தகத்தின் ஓரம் வரைக்கும் இறங்கியது.

தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. லாரியில் பீடோங் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக் காய்ச்சல் என்றார்கள். நர்ஸ்கள் நல்லவர்கள். ஒரு மலாய்க்கார நர்ஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த மனிதர் மேலும் குறை சொல்ல எனக்கு இல்லை.

நான் ஜெபித்தேன். நிரையில் பேசுகிற மாதிரி மூச்சு விடாமல் பேசினேன். கட்டிலுக்குக் கீழே முழங்கால் போட்டு, சத்தமாகவே பேசினேன். அத்தனை பேருக்கு முன்னால் வாழ்க்கையில் முதல் தடவை எனக்குக் கூச்சமே வரவில்லை.

லில்லி கண் திறக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, சவப்பெட்டி செய்து, பாட்டுப் பாடி, கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களுக்கு நடுவே உள்ள கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். நான் அழுதேனா என்று நினைவில்லை. தலையணையைத் தூக்கியபோது வேதம் கிடந்தது நினைவிருக்கிறது. எடுத்துப் பெட்டியில் பழைய சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

மான் படம்

அடுத்த நாளிலிருந்து நிரையில் சத்தம் இல்லை. கத்தி இழுபடும் சத்தம் மட்டும். ஆண்டவரே என்று ஆரம்பித்தால் அந்தச் சொல்லோடு நின்றுவிடும். சில நாள் கோபம் வருமோ என்று பார்த்தேன். கோபமாவது ஒரு பேச்சுதானே. அதுவும் வரவில்லை. பசி செத்துப்போன வயிறு எப்படி இருக்கும்? சோற்றைப் பார்த்தால் வெறுப்பும் இருக்காது, ஆசையும் இருக்காது. அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலுக்குப் போனேன். பாட்டுக்கு எழுந்தேன், ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். வீட்டில் சாமுவேல் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் நான் பாதித் தட்டு சாப்பிட்டிருப்பேன். அவர் பார்ப்பார். பிறகு தன் தட்டை இழுத்துக்கொள்வார். அவரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்.

என் தங்கை பார்வதி தஞ்சோங் டாவாய் கடலோரத்தில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டுடன் வந்தாள். கருவாட்டை ஆய்ந்துகொண்டே இருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"அக்கா, நீ திட்டுவேன்னு சொல்லல. லில்லிக்காக நானும் மாரியாத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். ஒன் சாமி, என் சாமி ரெண்டும் சேந்துகூட ஒரு புள்ளையக் காப்பாத்தல பாத்தியா?"

நான் ஆய்ந்த தலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"சொல்லேன்கா. எங்கதான் போச்சு ஒன் சாமி?" என்று அழுதாள். ஏளனமாகக் கேட்கவில்லை. என் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

மாதம் ஒருமுறை டவுனிலிருந்து பாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வருவார். நல்ல மனிதர். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், "ஜெபிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"வரலீங்க பாஸ்டர்."

"வரலைன்னாலும் வாஞ்சையைக் கொடுங்கன்னு கேளுங்க."

வேண்டாத சாமானைக் கடையில் போய் எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். அவர் தலைக்கு மேல் சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது.

அந்தக் காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையார் எல்லோர் வீட்டிலும் அது தொங்கியது. பின்னால் பனி மலை, முன்னால் ஓடை. ஒரு மான் குனிந்து தண்ணீர் குடிக்கிறது. கீழே அந்த மான் வசனத்தின் முதல் வரி. வருடம் முடிந்தும் படத்தின் அழகுக்காக யாரும் கழற்றவில்லை. அந்த வசனத்தைப் பாட்டாகப் பாடுவோம், கல்யாண வாழ்த்தில் எழுதுவோம். வேதத்தில் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. சுவரில்தான் மான் குடித்துவிட்டதே.

எனக்கு அந்த மானைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தாகம் எடுத்து, ஓடை கிடைத்து, குடித்து, கொழுத்து நிற்கிற மான். ஆண்டவரை விரும்புகிறவர்கள் எல்லோரும் அந்த மானைப் போலத்தான் இருப்பார்கள் போலிருக்கிறது, நான்தான் வெளியே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பாஸ்டர் போனதும் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன்.

வேலை இல்லாத காலை

ஆரம்பத்தில் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வந்த அதே வாரம். ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே நல்ல மழை. பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை. சாமுவேல் பால் கொட்டகையைக் கழுவப் போய்விட்டார். நான் தனியாக இருந்தேன்.

மழைக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் பழைய சேலையைத் தேடிப் பெட்டியைத் திறந்தேன். சேலையை இழுத்ததும் வாசனை வந்தது. தேங்காய் எண்ணெயும் தைலமும். லில்லியின் தலை.

வேதத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஆண்டவருக்காக நான் அதைத் திறக்கவில்லை. உள்ளே இன்னும் வாசனை இருக்குமா என்றுதான் திறந்தேன்.

இருந்தது. பக்கம் பக்கமாக மோந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக அவள் விரல் வட்டங்களும் இருந்தன. எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி மாதிரியாகி, மறுபக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் என் விரலை வைத்தேன். என் விரல் பெரியது. வட்டம் மறைந்துவிடும்.

கடைசி வட்டம் மான் வசனத்துக்கு அடுத்த வசனத்தில் இருந்தது. அதற்குக் கீழே தாள் சுத்தமாக இருந்தது. மிச்சம் நாளைக்கு என்றாளே, அந்த மிச்சம்.

எழுத்துக் கூட்டினேன். ரொம்ப நேரம் பிடித்தது. இரவும் பகலும் கண்ணீரே தனக்குச் சாப்பாடாகிவிட்டது என்று அங்கே ஒருவர் சொல்கிறார். உன் தேவன் எங்கே என்று ஆட்கள் நாள் முழுக்கக் கேட்கிறார்களாம். நெத்திலி ஆய்ந்துகொண்டே பார்வதி கேட்ட அதே கேள்வி. இன்னும் கீழே போனேன். ஏன் என்னை மறந்தீர் என்று அவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, மனசே ஏன் இப்படிக் கலங்குகிறாய் என்று தன்னையே அதட்டுகிறார். அதட்டியும் அடங்கவில்லை. மறுபடி மனசு கலங்குகிறது, மறுபடி அதட்டுகிறார்.

மேலே போய் மானைத் தேடினேன். திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தச் சங்கீதத்தில் எங்கேயும் மான் தண்ணீர் குடிக்கவில்லை. கதறுகிறது, அவ்வளவுதான். ஓடை அதன் நினைப்பில் இருக்கிறது. வாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை.

படம் போட்டவர் குடிக்க வைத்திருக்கிறார். நாங்களும் எல்லோரும் அதைப் பார்த்துப் பார்த்துக் குடித்ததாகவே வைத்துக்கொண்டோம்.

எனக்கு ஆறுதல் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. லில்லி வரப்போவதில்லை. ஆனால் அவள் போன பிறகு முதல் தடவையாக என்னைப் போலப் பேசுகிற ஓர் ஆள் கிடைத்தார். அந்த ஆள் வெளியில் நிற்கவில்லை, வேதத்துக்குள்ளே இருந்தார். என் கன்னம் நனைந்திருந்தது. மடியில் இருந்த தாளைச் சேலையால் ஒற்றி எடுத்தேன், வட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று.

மறுபடி அந்தப் பாய்க்கு

எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்திருந்தார். நான் அமுக்கியும் அசையவில்லை. சங்கிலி என்னிடம் நின்றுவிட்டது.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

"ஆண்டவரே, எங்க இருக்கீங்க?"

யாரும் ஆமென் போடவில்லை. குண்டானில் சொட்டும் சத்தம்.

"எம் புள்ளையக் கேட்டேன், குடுக்கல. இப்ப நீங்க வேணும்னுகூட எனக்குத் தோணல. உங்கமேல எனக்கு ஆசை இல்ல. இருந்துச்சு. காட்டுல மரத்துக்கு மரம் பேசுவேன், உங்களுக்குத் தெரியும். அது எங்க போச்சுன்னு தெரியல. அதைத் தேடுது மனசு. அவ்வளவுதான் இருக்கு என்கிட்ட. வேற ஒண்ணும் இல்ல."

அதற்கு மேல் வரவில்லை. எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். அக்காவின் கையை அமுக்கினேன்.

அக்கா பெருமூச்சு விட்டார். இப்போது தொடங்குவார், இரண்டு பேர் ஜெபத்தையும் சேர்த்துச் செய்வார் என்று காத்திருந்தேன். அவர் குரல் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து ஓரமாகப் பார்த்தேன். அக்காவின் வாய் கோணிப்போய் நடுங்கியது. அவரும் தனக்கு அடுத்தவளின் கையை அமுக்கினார். எந்தக் கூட்டத்திலும் அவர் அமுக்கி நான் பார்த்ததில்லை.

அடுத்தவளும் பேசவில்லை. அமுக்கினாள். அதற்கு அடுத்தவளும். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழவி ஒருவர் இருந்தார், அவரும் அமுக்கினார். சத்தமில்லாமல் கை கையாக அது பாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

சுற்றி வந்து என் இடது கையை அமுக்கியது.

அன்று யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு ஒருத்தி வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும் என்றாள். எழுந்து, வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் போய்க் காலண்டர்மேல் தொங்கிய துண்டை எடுத்தேன். அதில்தான் குண்டானைச் சுற்றி நனைந்த தரையைத் துடைத்தேன்.

பல காலம் கழித்து எஸ்தர் அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு நான் அமுக்கியபோது ஏன் ஜெபிக்கவில்லை என்று.

"நானாடி? விடியுமுன்ன எந்திரிச்ச ஒடம்பு. உக்காந்தபடியே தூங்கிட்டேன்லா," என்றார்.

தூங்குகிறவரின் கை அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது.

எண்பதுகளில் கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. நாங்கள் சுங்கை பட்டாணிக்கு வந்தோம். சாமுவேலும் போய்விட்டார், எஸ்தர் அக்காவும் போய்விட்டார். காட்டில் பேசிய அந்தப் பேச்சு எனக்குத் திரும்பி வரவில்லை. சில காலை வரப்போவது போல இருக்கும். கதவு வரைக்கும் வந்துவிட்டுப் போய்விடும்.

வேதத்தில் இப்போது வாசனை இல்லை. எப்போது போனதென்று தெரியாது, ஒரு நாள் மோந்தபோது வெறும் பழைய தாள். அன்று இரண்டாம் தடவை லில்லியைப் புதைத்த மாதிரி இருந்தது. இருந்தாலும் அந்த வட்டத்துக்குக் கீழேயிருந்து தினமும் படிக்கிறேன். சங்கீதங்கள் முடிந்தால் மறுபடி வட்டத்துக்கு வருவேன்.

படித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது கையைக் காற்றில் ஒருமுறை அமுக்குகிறேன். இடது கையை மடியில் திறந்து வைத்திருக்கிறேன். அமுக்கு இன்னும் சுற்றி வந்து சேரவில்லை.